நானூற்றுப் பன்னிரண்டாவது

கேர்ன்ஸ்
8 ஜனவரி 2023

ஜெமைமாவுக்கு,

நீ போனை எடுக்க மாட்டாய் என்று தெரியும். பதினொரு முறை அடித்துப் பார்த்துவிட்டுத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். வியாழக்கிழமை விமானத்தில் வரும் தபால் பையில் இது இருக்கும். கடையில் உன் கையில் கொடுக்கும்போது கையெழுத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடாதே.

கிறிஸ்துமஸ் அன்று நான் செய்தது தவறு. தம்பியின் வீடியோ ஒன்றைக் குடும்பக் குழுவில் அனுப்பினேன். இரண்டு சிங்கி இறாலை மூக்கின் இரு பக்கமும் மீசை மாதிரி பிடித்துக்கொண்டு டிங்கிப் படகில் நின்று ஆடுவானே, அது. இருபத்தாறு வினாடி. கல்லறைக் கல்லைத் துணி நீக்கித் திறக்கும்வரை அவன் முகத்தை யாருக்கும் காட்டக்கூடாது, பெயரைச் சொல்லக்கூடாது என்பது எனக்குத் தெரியாததா? அவன் போய் நாலு மாதம்தான் ஆகியிருந்தது. இங்கே என் வீட்டில் நான் தனி ஆள். பக்கத்து வீட்டில் பாட்டு, எதிர் வீட்டில் பாட்டு. அவன் சிரிப்பதை இன்னொருவரும் பார்த்தால் பரவாயில்லை போல இருந்தது. உன் லிடியா அந்த நேரத்தில் உன் போனை வைத்துக்கொண்டிருப்பாள் என்று நான் நினைக்கவில்லை. அவள் படகுத்துறைக்கு ஓடியதை அம்மா சொன்னாள். ஒன்பது வயதுப் பிள்ளை. அதற்குமேல் அம்மாவால் சொல்ல முடியவில்லை. நானும் கேட்கவில்லை.

மன்னிப்புக் கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. அவனுடைய சேனலை நீ மூடப்போவதாக அம்மா சொன்னாள்.

உனக்கு நினைவிருக்கும். நாலு வருஷத்துக்கு முன்னால் ஏதோ குளறுபடியில் அவன் கணக்கைப் பூட்டிவிட்டார்கள். முதல் அறுபது வீடியோ போனது போனதுதான். நான் இங்கே அழுதுகொண்டிருக்கிறேன், அவன் போனில் சிரிக்கிறான். "போனா போகுதுக்கா. கடல் அங்கேயேதான கிடக்கு, மறுபடி எடுத்தாப் போச்சு" என்றான். அன்றைக்குத்தான் நான் சேர்க்க ஆரம்பித்தேன். ஆஸ்பத்திரியில் பகலெல்லாம் ஊரார் நோய்களின் கோப்புகளை அடுக்குகிறவள், என் தம்பிக்கு ஒன்று அடுக்க மாட்டேனா? மணிக்கு ஒருமுறை அவன் சேனலை எட்டிப் பார்த்து, புதிதாக ஏதாவது இருந்தால் தானாக இறக்கி வைத்துக்கொள்ளும்படி கம்ப்யூட்டரில் ஏற்பாடு செய்தேன். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு வரி எழுதினேன்: எண், தேதி, எந்தப் பாறை, என்ன காற்று, கூட யார். இது அவனுக்குத் தெரிந்ததும் வேடிக்கையாகிவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வீடியோவையும் எண்ணைச் சொல்லித்தான் தொடங்குவான். "அக்கா, எண்ணிக்கோ. நூத்தி எழுவது." முன்பின் தெரியாதவர்கள் கீழே கேட்பார்கள், யார் அந்த அக்கா என்று.

சேனலை மூடாதே. வேண்டுமானால் மறைத்து வை. கல் திறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். மூடிவிட்டால் மறுபடி வராது.

லிடியாவுக்கு முத்தம். சின்னவனுக்கும்.

தபீத்தா


தீவு
2 பிப்ரவரி 2023

மதினிக்கு,

கடிதம் வந்தது. திருப்பி அனுப்பவில்லை. மூன்று வாரம் அரிசி டப்பாவின்மேல் கிடந்தது. நேற்றுத்தான் பிரித்தேன்.

அத்தை உங்களிடம் சொல்லாததை நான் சொல்கிறேன். லிடியா படகுத்துறையின் நுனிவரைக்கும் ஓடினாள். நல்ல மழை. அங்கே என் அண்ணன் சைலஸ் டிங்கியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் போய், "மாமா, அப்பா சிரிச்சாரு, நான் பாத்தேன். எந்த டிங்கியில வர்றாரு?" என்று கேட்டிருக்கிறாள். அண்ணன் அவளைத் தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் விட்டார். வைத்த சோற்றைத் தொடவில்லை. அவள் இப்போதும் சாயங்காலமானால் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள். மன்னிப்பை அவளிடம் கேளுங்கள்.

எங்கள் வீட்டில் அவர் படத்தின்மேல் துணி போட்டிருக்கிறோம். அவர் சட்டைகளைக் கட்டி மேலே வைத்துவிட்டோம். அவருக்குப் பிடித்த பாட்டு வந்தால் ரேடியோவை அணைக்கிறோம். உங்கள் கம்ப்யூட்டர் பெட்டியின்மேல் என்ன போட்டிருக்கிறீர்கள்? அங்கே அவர் நானூறு தடவை எழுந்து நின்று பேசுகிறார், இல்லையா? செத்தவரைப் போக விடாமல் பிடித்து வைத்திருப்பது யார் என்று நீங்களே யோசியுங்கள்.

நீங்கள் படித்தவர்கள். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் கேர்ன்ஸில் இருந்து இருந்து மறந்திருப்பீர்கள். செத்தவர் காரியத்தைச் செய்கிறவர்களுக்கு மாரிகெத் என்று சும்மா பெயர் வைக்கவில்லை. ஆவியின் கை. செத்தவர் வீட்டில் யாரும் எதையும் தொடக்கூடாது, சம்பந்தம் செய்தவர்கள்தான் செய்ய வேண்டும். சேதி சொல்வதும் அவர்கள்தான், குழி வெட்டுவதும் அவர்கள்தான், கல் வைப்பதும் அவர்கள்தான். அவருக்கு என் அண்ணன்தான் கை. அன்றைக்கு வாசலில் வந்து நின்று என்னிடம் சொன்னது அவர். தனியாகக் குழி வெட்டியதும் அவர். இன்றைக்கும் காலையில் எழுந்தால் படிக்கட்டில் மீன் இருக்கிறது. கூரைத் தகரம் மாற்றினார். தண்ணீர்த் தொட்டியைக் கழுவினார். வீட்டுக்குள் வந்து உட்காரச் சொன்னால் உட்காருவதில்லை.

மார்ச் கடைசியில் சேனலை மூடப்போகிறேன். அது என் புருஷனுடையது. உங்களிடம் கேட்டு மூட வேண்டியதில்லை. சொல்லிவிட்டு மூடுகிறேன், அவ்வளவுதான்.

ஜெமைமா


கேர்ன்ஸ்
12 மார்ச் 2023

ஜெமைமாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே வீடியோக்கள் இருக்கும் டிஸ்க் மேல் துணி போட்டேன். நீலப் பூப்போட்ட லாவாலாவா, அம்மா இடுப்பில் கட்டியது. இதைக் கேட்டு நீ சிரிக்கலாம்.

நீ மூடுவதற்குள் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. ஏழு மாதமாகக் கடைசித் தேதிகளின் பக்கம் நான் போகவே இல்லை. நேற்று சனிக்கிழமை. லீவு. நோட்டையும் சேனலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முதலிலிருந்து சரிபார்த்தேன். சேனலில் நானூற்றுப் பதினொன்று. என் டிஸ்க்கில் நானூற்றுப் பன்னிரண்டு.

இரண்டு முறை எண்ணினேன். ஏதோ ஒன்றை இருமுறை இறக்கிவிட்டேன் என்று நினைத்தேன். அப்படி இல்லை. அவன் போன அன்று, ஆகஸ்ட் இருபது, காலை பதினொன்றேகாலுக்கு ஒன்று ஏறியிருக்கிறது. பன்னிரண்டு மணிச் சுற்றில் என் கம்ப்யூட்டர் அதை எடுத்து வைத்திருக்கிறது. சேனலில் அது இல்லை. யாரோ எடுத்துவிட்டார்கள்.

ஒரு நிமிடம் நாற்பது வினாடி. பார்த்தேன்.

உன் அண்ணன் டிங்கியின் பின்பக்கம் சாய்ந்து கிடக்கிறான். காலடியில் பீர் டப்பாக்கள். கண் மூடியிருக்கிறது. பக்கத்தில் காற்று மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த மோட்டாரைப் பார்த்துக்கொள்ள வேண்டியவன் அவன்தான். அதற்கு எண்ணெய் தீராமல், அது நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் மேலே இருப்பவனுக்கு ஒரே வேலை. இறால் பிடிக்கக் கீழே முங்கியிருக்கிறவனுக்கு மூச்சு அந்தக் குழாயில்தான் வருகிறது. போலீசிடம் என்ன சொன்னான்? "நான் மோட்டார்மேலதான் கை வச்சுக்கிட்டு இருந்தேன். திடீர்னு திணறுச்சு. உடனே குழாயை இழுத்தேன்." அதை அவர்கள் எழுதிக்கொண்டார்கள். விபத்து என்று கோப்பை மூடினார்கள். நானும் கோப்பு மூடுகிறவள்தான், எழுதியதை நம்புவேன்.

எனக்குச் சேதி எப்படி வந்தது என்று உனக்குச் சொன்னதில்லை. உன் அண்ணன் சொல்லி அனுப்பிய ஆள் இங்கே என் கதவைத் தட்டுவதற்கு அரை மணி நேரம் முன்னால், நான் தம்பியின் சேனலைத் திறந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் எப்போதும் திறப்பேன். கடைசி வீடியோவின் கீழே முன்பின் தெரியாத ஒருத்தன் எழுதியிருந்தான், 'போய் வா சகோதரா' என்று. எங்கே போகிறான் என்று யோசித்தேன். கதவு தட்டும் சத்தம் கேட்கிறவரைக்கும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது தெரிகிறது. அன்று சாயங்காலம் நான் பார்த்தது கடைசி வீடியோ இல்லை. அதற்குள் கடைசியை யாரோ எடுத்துவிட்டார்கள். அந்தக் கணக்கைத் திறக்க முடிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் செத்துவிட்டான்.

கல் திறக்கும் நாளில் மாரிகெத்துக்கு நன்றி சொல்ல உன் அண்ணனை நடுவில் உட்கார வைத்து, பாய் விரித்து, துணி போர்த்தி, முதல் தட்டை அவன் கையில் நான் கொடுக்க வேண்டும். மூத்தவள் நான்தானே. அந்தக் கைக்கு எப்படிக் கொடுப்பேன் என்று நீ சொல்.

இதை விசாரணை அதிகாரிக்கு அனுப்பலாம் என்றிருக்கிறேன். உனக்குச் சொல்லாமல் அனுப்ப மாட்டேன்.

தபீத்தா


தீவு
30 மார்ச் 2023

மதினிக்கு,

நான்தான் எடுத்தேன்.

மழை நிற்கவில்லை. விமானம் இரண்டு வாரமாகச் சரியாக வரவில்லை. இது எப்போது கிடைக்குமோ. அதற்குள் நீங்கள் அனுப்பியிருந்தால் இதைக் கிழித்துப் போடுங்கள்.

அன்றைக்கு அண்ணன் ஈரத்தோடு வாசலில் வந்து நின்றார். கையில் என் புருஷனுடைய செருப்பு. "ஜெமைமா, உக்காரு" என்றார். நான் உட்காரவில்லை. சேதி சொல்ல வருகிறவர்கள் முதலில் உட்காரத்தான் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். "நின்னுக்கிட்டே கேக்குறேன், சொல்லு" என்றேன். அவர் அந்தச் செருப்பைப் படியில் ஜோடியாக வைத்தார்.

சாயங்காலம் பெண்கள் எல்லோரும் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டார்கள். நான் பின்கட்டுக்குப் போனேன். டேப்லெட்டில் அவர் கணக்கு திறந்தே கிடந்தது. முகம் மூடுவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று எடுத்தேன். அந்த வீடியோ மேலேயே இருந்தது. ஒரு தடவை பார்த்தேன். முழுசாகப் பார்த்தேன். எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு பார்க்கவில்லை, ஆனால் மறக்கவும் இல்லை.

அண்ணனுக்காக எடுத்தேன் என்று நினைக்கிறீர்கள். சரிதான். போலீஸ் அந்த டப்பாக்களைப் பார்த்திருந்தால் அண்ணனைத் தர்ஸ்டே தீவுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து பெரிய நிலத்துச் சிறைக்குக் கொண்டுபோயிருப்பார்கள். குழி வெட்ட ஆள் யார்? என் பிள்ளைகளுக்கு மீன் யார் கொண்டுவருவார்கள்? ஒரே நாளில் இரண்டு பேரைக் கொடுக்க என்னிடம் ஆள் இல்லை. ஆனால் அண்ணனுக்காக மட்டும் எடுத்தேன் என்று நினைக்காதீர்கள். அதில் அண்ணனும் அவரும் மட்டும் இல்லை. இதற்குமேல் எழுத மாட்டேன்.

முந்தின நாள் மத்தேயு வீட்டுக் கல்யாணம். எல்லோரும்தான் குடித்தார்கள். அவரும்தான். காலையில் நான் போக வேண்டாம் என்றேன். உங்கள் தம்பி நான் சொல்லி எதைக் கேட்டிருக்கிறார்?

அண்ணன் அன்றையிலிருந்து குடியைத் தொடுவதில்லை. தூங்குவதும் இல்லை. கல்லறைப் பக்கம் போய்ப் புல் பிடுங்குகிறார். பிடுங்கப் புல்லே இல்லை, ஆனாலும் உட்கார்ந்து பிடுங்குகிறார். லிடியா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். "மாமா, நீ ஏன் எப்பவும் மண்ணையே பாக்குற? ஏதாவது தொலைச்சிட்டியா?" என்று கேட்கிறாள். நான் துணி காயப் போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் "ஆமா" என்கிறார்.

நான் உங்களிடம் எதையும் கேட்டதில்லை. கல்யாணத்தின்போதுகூட நீங்கள் கொடுத்ததை வாங்கிக்கொண்டேன், கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். அதை அழித்துவிடுங்கள். நீங்கள் கேட்டபடி நான் சேனலை மூடவில்லை. மறைத்துத்தான் வைத்திருக்கிறேன். மீதி நானூற்றுப் பதினொன்றையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கல் திறந்த பிறகு ஊருக்கே காட்டுங்கள், நானும் உட்கார்ந்து பார்க்கிறேன்.

ஒன்றே ஒன்று. அதை மட்டும்.

ஜெமைமா


கேர்ன்ஸ்
18 ஜூன் 2023

ஜெமைமா,

அழித்துவிட்டேன்.

மூன்று பிரதிகள் இருந்தன. ஒன்று வீட்டு டிஸ்க்கில். இன்னொன்று தீப்பிடித்தாலும் தப்பட்டும் என்று ஆஸ்பத்திரியில் என் அலமாரியில். மூன்றாவது ஒரு பென்டிரைவில், என் கைப்பையில். ஒவ்வொன்றிலும் போய் எடுத்தேன். மீட்கவே முடியாதபடி எடுப்பதற்கு ஒரு வழி இருக்கிறது, அதையும் செய்தேன். நாலு வருஷமாக ஒன்றும் தொலையக்கூடாது என்பதற்காகக் கற்றுக்கொண்டதையெல்லாம் திருப்பிப்போட்டுச் செய்தால் போதுமாக இருந்தது. நோட்டில் 412 என்று எழுதிய வரியை அடித்தேன். வரி அடிபட்டுத்தான் இருக்கிறது, தாளைக் கிழிக்கவில்லை.

நல்லது செய்தேன் என்று என்னை நினைக்காதே. காரணம் எனக்கே முழுசாகத் தெரியவில்லை. தெரிந்தாலும் இப்போது எழுத மாட்டேன்.

கல் திறப்புக்கு நான் வரவில்லை. அடுத்த வருஷம்தான் என்றாலும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பாயும் துணிகளும் சரக்குப் படகில் அனுப்புகிறேன். என் இடத்தில் சித்தி மகள் நின்று கொடுக்கட்டும். மூட்டு வலி என்று அம்மாவிடம் சொல். நம்புவாள்.

தபீத்தா


தீவு
22 செப்டம்பர் 2024

மதினிக்கு,

கல் திறந்து எட்டு நாள் ஆகிறது. நீங்கள் அனுப்பிய பாய் வந்தது, பதினாலு துணியும் வந்தது. சிவப்பு எல்லோருக்கும் பிடித்தது.

பதினைந்து மாதம் உங்களுக்கு எழுதவில்லை. நீங்களும் எழுதவில்லை. நடந்ததை நீங்கள் அத்தையிடம் போனில் கேட்டிருப்பீர்கள். அத்தைக்குப் பாதிதான் காது கேட்கிறது. அதனால் நான் எழுதுகிறேன்.

காலை நன்றாக இருந்தது, காற்று இல்லை. பாதிரியார் ஜெபம் சொன்னார். கல்லைச் சுற்றியிருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்தோம். கடைசித் துணியை எடுத்தது லிடியா. அவர் பெயர் வெளியே வந்தது. எல்லோரும் சத்தமாகப் படித்தார்கள். இரண்டு வருஷமாக வாயில் வராத பெயர். சின்னவனுக்கு அதைச் சொல்லக்கூடத் தெரியவில்லை, பக்கத்தில் இருந்தவர்கள் வாயைப் பார்த்துச் சொன்னான்.

கொட்டகையில் ஆமைக்கறி, தேங்காய்ப்பாலில் பூசணி, சேம்பு எல்லாம் போட்டிருந்தோம். அண்ணனை நடுவில் உட்காரவைத்தோம். உங்கள் சித்தி மகள் பாயை விரித்து, முதல் துணியைத் தோளில் போட்டாள். அவர் அதை எடுத்து மடித்துக் கீழே வைத்தார். அடுத்ததையும் மடித்து வைத்தார். மூன்றாவதற்கு எழுந்து நின்றுவிட்டார்.

"இத நான் வாங்கக்கூடாது" என்றார்.

கூச்சம் என்று எல்லோரும் சிரித்தார்கள். மத்தேயு, "உக்காருடா மாப்பிள்ள, பசிக்குது. நீ சாப்பிட்டாத்தான் நாங்க சாப்பிட முடியும்" என்றார்.

அண்ணன் உட்காரவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். குடித்திருந்தேன், தூங்கிவிட்டேன், முழிக்கும்போது மோட்டார் சத்தம் இல்லை, எவ்வளவு நேரமாக இல்லை என்று தெரியாது, குழாயை இழுத்தேன், லேசாக வந்தது. போலீசிடம் சொன்னது பொய். இத்தனையையும் தரையைப் பார்க்காமல் சொன்னார்.

யாரும் நம்பவில்லை, மதினி. அதுதான் நடந்தது. பாதிரியார் வந்து தோளில் கை போட்டார். "துக்கம் இப்படித்தான் பேச வைக்கும், மகனே" என்றார். கிழவர்கள் தலையை ஆட்டினார்கள். "ரெண்டு வருஷமா சாமியார் மாதிரி இருக்கான், அவன் மேல அவனே பழி போட்டுக்கிறான் பாரு" என்று பெண்கள் அழுதார்கள். அண்ணன் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார். அப்புறம் சொன்னார், "வீடியோ இருக்கு. அவன் அக்கா ஒண்ணு விடாம எடுத்து வைப்பா. நானூத்திப் பன்னெண்டு. அதப் போட்டுப் பாருங்க."

அத்தை வீடியோ என்றதும் நிமிர்ந்தாள். "கடைசியா அவன் பேசுனது இருக்கா? போடுங்க. கல்லுதான் தொறந்தாச்சே. அவன் கொரலக் கேக்குறேன். யாரு தப்புன்னு எனக்கு வேணாம். கொரலு போதும்" என்றாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் இல்லை என்று சொன்னேன். அழிந்துவிட்டது என்றேன். நானும் நீங்களும் அழித்தோம் என்று மட்டும் சொல்லவில்லை.

அண்ணன் திங்கட்கிழமை தானாகவே தர்ஸ்டே தீவுக்குப் போய்ப் போலீசிடம் சொன்னார். எழுதிக்கொண்டார்களாம். ஆதாரம் ஏதாவது இருந்தால் கொண்டுவரச் சொன்னார்களாம். திரும்பி வந்தார். இப்போது படிக்கட்டில் மீன் இல்லை. ஊரில் யாரும் அவர்மேல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சாப்பிட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

ஒன்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். கொட்டகையில் அவர் எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றைத் தவிர. உங்களுக்கு அது எதுவென்று தெரியும். உங்கள் பேரை அவர் சொல்லவில்லை. நானும் இத்தனை நாளாகச் சொல்லவில்லை.

சொல்ல வேண்டியவர் நீங்கள்.

ஜெமைமா


கேர்ன்ஸ்
6 அக்டோபர் 2024

ஜெமைமாவுக்கு,

இந்தக் கடிதத்தை நீ தனியாகப் படிக்காதே. அம்மாவைப் பக்கத்தில் உட்காரவை. சைலஸைக் கூப்பிடு, இந்த முறை உள்ளே வந்து உட்காரச் சொல். மத்தேயுவும் பாதிரியாரும் இருக்கட்டும். அம்மாவின் நல்ல காதுப் பக்கம் உட்கார்ந்து, சத்தமாக வாசி.

தம்பி ஓபேத்தின் நானூற்றுப் பன்னிரண்டாவது வீடியோ என்னிடம் இருந்தது. முதலில் ஜெமைமா சேனலிலிருந்து எடுத்தாள். பிறகு நான் அழித்தேன். வேறு பிரதி கிடையாது. நாலு வருஷம் ஒன்று விடாமல் சேர்த்த நான், அவன் கடைசியாகப் பேசியதைத்தான் தொலைத்தேன். சைலஸுக்கு இரக்கப்பட்டு அழித்ததாக ஜெமைமா நினைத்திருந்தால் அது அவள் நல்ல மனசு. அதில் என் பெயர் இருந்தது. அதற்காகத்தான் அழித்தேன்.

அவன் போவதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை, நான் ஓபேத்துக்குப் போன் செய்தேன். கல்யாண வீட்டுச் சத்தத்தில் கத்திப் பேசினோம். என் நோட்டில் எல்லாப் பாறையும் வந்துவிட்டது, அப்பா இறாலுக்கு முங்கிய அந்த வெளிப்பாறை மட்டும் இல்லை, அது ஒன்று வேண்டும் என்று கேட்டேன். "நாளைக்கே தர்றேன்" என்றான். நாளைக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சீக்கிரம் அனுப்பு என்றுதான் சொன்னேன். பட்டியலில் ஒரு கட்டம் காலியாக இருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. இதுதான் நான் யாரிடமும் சொல்லாதது.

வீடியோவில் இருந்ததை எனக்கு நினைவிருக்கிற மட்டும் எழுதுகிறேன். எட்டுத் தடவை பார்த்துவிட்டுத்தான் அழித்தேன். தெரியாத இடத்தில் தெரியாது என்று எழுதுகிறேன்.

முதலில் வானம். போனைச் சரியாகப் பிடிக்கவில்லை. பிறகு அவன் முகம். வலது புருவத்தில் உப்பு. கல்யாணத்தில் போட்ட பூ, காதில் வாடி இருக்கிறது.

"அக்கா, எண்ணிக்கோ. நானூத்திப் பன்னெண்டு. நீ கேட்ட எடத்துக்கு வந்தாச்சு."

போனைத் திருப்புகிறான். பின்பக்கம் சைலஸ் சாய்ந்திருக்கிறான். டப்பாக்கள் இருக்கின்றன, மூன்று என்று நினைக்கிறேன். கண் மூடியிருந்தது என்று முன்பு எழுதினேன். இப்போது யோசித்தால், வெயிலுக்குச் சுருக்கியிருந்தானோ என்று தோன்றுகிறது. போட்டுப் பார்க்க வழி இல்லை.

"இதான் என் மச்சான். மத்தேயு வீட்டு பீரையெல்லாம் ஒத்த ஆளா ஒழிச்சவரு. மச்சான், ஊருக்கு ஒரு வணக்கம் சொல்லு."

சைலஸ் கையை மட்டும் தூக்குகிறான். "இன்னைக்கு வேணாம்டா. தல சுத்துது. திரும்பிப் போலாம்."

"நாளைக்கு ஞாயித்துக்கெழம. செவ்வாக்கெழமைக்குள்ள நீரோட்டம் திரும்பிரும். அக்கா கேட்டிருக்கா. அப்பாவோட பாறைடா. ஒரே முக்கு, வந்துர்றேன்."

"உங்க அக்காளுக்கு என்ன, அவ கேர்ன்ஸ்ல ஒக்காந்துக்கிட்டுக் கேப்பா."

ஓபேத் சிரிக்கிறான். ரொம்ப நேரம் சிரிக்கிறான். ஐந்தாறு வினாடி இருக்கும். அம்மா, அந்தச் சிரிப்பை எழுத எனக்குத் தெரியவில்லை. நடுவில் மூச்சை இழுப்பானே, இருமல் மாதிரி, அது இரண்டு தடவை வந்தது.

"அவ அப்படித்தான். மச்சான், முழிச்சிக்கிட்டு இரு. என் மூச்சு ஒங்கையில."

சைலஸ் ஏதோ சொன்னான். மோட்டார் சத்தத்தில் கேட்கவில்லை. எட்டுத் தடவையும் கேட்கவில்லை. சைலஸ், அது என்னவென்று நீதான் சொல்ல வேண்டும்.

பிறகு ஓபேத் போனைக் கடல்பக்கம் திருப்பினான். "பாரு அக்கா, தெரியுதா? அந்தா கறுப்பா. அதான்." குரல் இருக்கிறது, முகம் இல்லை. போன் மெதுவாகத் தண்ணீர்ப் பக்கம் இறங்குகிறது. டிங்கியின் ஓரம், அவன் கை விரல் இரண்டு. கீழே கறுப்பாக ஏதோ தெரிந்தது. அப்பாவின் பாறையா, டிங்கியின் நிழலா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அதற்குப் பிறகு பதினொரு வினாடி தண்ணீர் மட்டும்.

தபீத்தா